கதவைத் திறந்துவிட்டார்கள்: 'தி ஹாண்டிங்' ரீமேக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேய் பங்களாப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் 'தி ஹாண்டிங்' பெயர் வராமல் போகாது. அது வந்தால் அடுத்த நிமிடமே அதன் 1999 ரீமேக்கும் வந்துவிடும், பெரும்பாலும் திட்டு வாங்குவதற்காக. திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படுகிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைத்தால் தொண்டையாவது மிச்சமாகும் என்று இதை எழுதுகிறேன். இரண்டு படங்களின் முடிவும் கீழே வருகிறது. இன்னும் பார்க்காதவர்கள் முதல் இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொண்டு, 1963 படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எந்தப் படம், எந்த ரீமேக்?

ஷெர்லி ஜாக்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1959-இல் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' என்று ஒரு நாவல் எழுதினார். அதை ராபர்ட் வைஸ் 1963-இல் கறுப்பு வெள்ளையில் 'தி ஹாண்டிங்' என்று படமாக்கினார். செலவு 10 லட்சம் டாலருக்குச் சற்று மேல். 36 ஆண்டுகள் கழித்து, 1999 ஜூலையில், ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனம் அதே பெயரில் மறுபடி எடுத்தது. இயக்கம் யான் டி போன்ட். லியாம் நீசன், கேத்தரின் ஸீட்டா-ஜோன்ஸ், ஓவன் வில்சன், லிலி டெய்லர் நடித்தார்கள். செலவு சுமார் 8 கோடி டாலர்.

'ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்' என்று ஒன்று இருக்கிறதே, அதுதானே இது?

அது வேறு. குழப்பம் வருவதில் ஆச்சரியமே இல்லை. அந்தப் படம் 1959-இல் வில்லியம் காசில் இயக்கி வின்சென்ட் பிரைஸ் நடித்தது; ஜாக்சனின் நாவல் வந்ததும் அதே ஆண்டு. அதன் ரீமேக் வந்ததும் 1999, இந்த ரீமேக் வந்து மூன்றே மாதத்தில். காசில் படம் ஒரு ஜாலியான பொருட்காட்சி பேய் மாளிகை. அதைப் பார்த்துவிட்டு வைஸ் படம் பற்றி முடிவுக்கு வராதீர்கள்.

பழைய படத்தின் கதை என்ன?

நியூ இங்கிலாந்தில் ஊருக்கு ஒதுக்குப்புறமாக நிற்கும் மாளிகை ஹில் ஹவுஸ். கட்டியவர் ஹியூ கிரைன். அவருடைய முதல் மனைவி அந்த வீட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, வாசலுக்கு வரும் பாதையில் குதிரை வண்டி மரத்தில் மோதி இறந்துபோனாள். இரண்டாவது மனைவி படியில் விழுந்து செத்தாள். மகள் அபிகெயில் தன் குழந்தைப் பருவத்து அறையிலேயே கிழவியானாள். கடைசி இரவில் கைத்தடியால் சுவரைத் தட்டித் தட்டித் துணைக்கிருந்த பெண்ணைக் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணோ வராந்தாவில் ஒரு பண்ணையாளோடு இருந்தாள். வீடு அவளுக்கே வந்து சேர்ந்தது. பிறகு அவளும் நூலகத்துச் சுழல் படிக்கட்டின் உச்சியில் தூக்குப் போட்டுக்கொண்டாள்.

இதையெல்லாம் படம் முதல் சில நிமிடங்களிலேயே கடகடவென்று சொல்லி முடித்துவிடுகிறது. இந்த வீட்டில் பேய் இருக்கிறதா என்று சோதிக்க டாக்டர் மார்க்வே என்பவர் ஆட்களைக் கூப்பிடுகிறார். வந்து சேர்வது இரண்டே பெண்கள். அடுத்தவர் மனதில் இருப்பதைச் சொல்லக்கூடிய தியோடோரா ஒருத்தி. இன்னொருத்தி எலினார், சிறுவயதில் அவள் வீட்டின் மேல் கல் மழை பொழிந்ததாம். வீடு யாருக்குப் போகவிருக்கிறதோ அந்த இளைஞன் லூக்கும் கூட இருக்கிறான்.

படத்தின் உயிர் எலினார்தான். படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை 11 வருடம் பார்த்துக்கொண்டவள். அம்மா சுவரைத் தட்டுவாள், இவள் எழுந்து போவாள். ஒரு இரவு தட்டினாள், இவள் போகவில்லை. அம்மா செத்துப்போனாள். இப்போது அக்கா வீட்டு ஹாலில் படுத்துக்கொண்டிருக்கிறாள். தனக்கும் பாதிப் பங்குள்ள காரைக்கூடக் கேட்டு வாங்க முடியாமல், சொல்லாமல் எடுத்துக்கொண்டு ஹில் ஹவுஸுக்கு வருகிறாள். வாழ்க்கையில் முதல்முறையாக யாரோ அவளை வா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்டது டாக்டரா, வீடா என்பதுதான் மீதிப் படம்.

பேயே வராத படமாமே? அப்புறம் அதில் என்ன பயம்?

ஆமாம், கடைசி வரை பேய் வராது. இரண்டு காட்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, தட்டும் சத்தம். எலினார் அரைத் தூக்கத்தில் இருக்கிறாள். எங்கோ தொம், தொம் என்று கேட்கிறது. கண்ணைத் திறக்காமலே, வர்றேம்மா என்று சொல்லிக்கொண்டு பதிலுக்குச் சுவரைத் தட்டுகிறாள். அப்புறம்தான் அவளுக்குத் தோன்றுகிறது, அம்மா இறந்துவிட்டாள் என்று. சத்தம் நிற்கவில்லை. நடைபாதையில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு அது நெருங்கி வருகிறது. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கேமரா கதவையும் கைப்பிடியையும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான் காட்சி.

இரண்டாவது, கை. இருட்டில் எலினார் படுத்திருக்கிறாள். சுவருக்கு அப்பால் ஒரு ஆணின் முணுமுணுப்பு, சிரிப்பு, பிறகு ஒரு குழந்தையின் அழுகை. பயத்தில் தியோவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். சுவரில் இலையும் கொடியுமாகச் செதுக்கிய அலங்கார வேலை. கேமரா அதிலேயே நிற்கிறது. நிழல் விழுந்திருக்கும் விதத்தில், அந்த இலைகளுக்கு நடுவே இரண்டு கண்களும் ஒரு வாயும் இருப்பதுபோல் நமக்குப் படுகிறது. உற்றுப் பார்த்தால் இலைதான். விட்டுவிட்டுப் பார்த்தால் முகம். குழந்தையின் அழுகை தாங்காமல் எலினார் கத்துகிறாள், விளக்கு எரிகிறது, தியோ அறையின் அந்தக் கோடியில் தன் கட்டிலிலிருந்து எழுகிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யார் கையை?

நான் முதல்முறை பார்த்தபோது அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். தாகம் ஒன்றும் இல்லை.

சும்மா சத்தத்தை வைத்து இவ்வளவு செய்ய முடியுமா? எப்படி எடுத்தார்கள்?

சத்தம் பாதி, கேமரா பாதி. தட்டும் ஓசைகளை முன்கூட்டியே பதிவுசெய்து, படப்பிடிப்பில் நடிகர்கள் காதில் விழும்படி ஓடவிட்டார்கள். நாம் பார்ப்பது அந்த நிமிடம் கேட்டதற்கான திடுக்கிடல்.

கேமராக் கதை இன்னும் சுவாரஸ்யம். வீடு கோணலாகத் தெரிய வேண்டும் என்று வைஸ் ஆசைப்பட்டார். நாவலிலேயே அந்த வீட்டில் சரியான செங்கோணம் ஒன்றுகூடக் கிடையாது; கதவுகளும் சற்றுச் சாய்ந்திருப்பதால் தாமாக மூடிக்கொள்ளும். பானாவிஷனிடம் அகலமான லென்ஸ் கேட்டபோது, 30 மி.மீ. லென்ஸ் ஒன்று தயாராகிவருகிறது, ஆனால் பிம்பம் வளைகிறது, இன்னும் வெளியே கொடுக்கும் நிலையில் இல்லை என்றார்கள். அவருக்கு வேண்டியதே அந்த வளைவுதான். குறை தெரிந்தேதான் வாங்குகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வாங்கிப்போனார்.

வெளித்தோற்றம் இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரில் உள்ள எட்டிங்டன் பார்க் மாளிகை. இப்போது அது ஓட்டல், பணம் கட்டினால் போய்த் தங்கலாம். அதைச் சில இடங்களில் அகச்சிவப்புப் பிலிமில் எடுத்ததால் கல்லெல்லாம் நோயாளி போல் வெளிறிக் கிடக்கிறது. உள்ளறைகள் போர்ஹம்வுட் ஸ்டூடியோவில் போட்ட செட். விளக்கு கட்ட வசதியாகச் செட்டை மேலே திறந்து விடுவதுதான் வழக்கம். இங்கே கூரையோடு கட்டினார்கள், அறை நம்மை அமுக்க வேண்டும் என்று.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற கதவு. படத்தின் பின்பாதியில் கூடத்துக் கதவு உள்பக்கமாக உப்பி, மூச்சு விடுவதுபோல் அடங்கி, மறுபடி உப்பும். வளையக்கூடிய ஒட்டுப்பலகையில் கதவைச் செய்து, பின்னால் வலுவான ஆளை நிறுத்தித் தள்ளச் சொன்னார்கள். தந்திரம் அவ்வளவுதான்.

ராபர்ட் வைஸ் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்தவர் இல்லையா? அவருக்கும் பேய்க்கும் என்ன சம்பந்தம்?

அவரேதான். 1961-இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 1965-இல் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்', நடுவே இது. ஆனால் அவர் இயக்கம் பழகியதே திகில் படத்தில்தான். 1940-களில் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளர் குறைந்த பணத்தில் பயப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். அரக்கனைக் காட்டக் காசில்லாததால் நிழலைக் காட்டிப் பழகியவர். வைஸின் முதல் படம் அவரிடம்தான். 'தி ஹாண்டிங்'கை ஒருவகையில் குருதட்சிணை என்று சொல்லலாம்.

இன்னொரு துணுக்கு: வைஸ் இந்த நாவலைத் தன் அலுவலக அறையில் படித்துக்கொண்டிருந்தபோது, திரைக்கதையாசிரியர் நெல்சன் கிடிங் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வர, பயந்து துள்ளிவிட்டாராம். அப்போதே படமாக்க முடிவு செய்துவிட்டார்.

சரி, ரீமேக்கில் என்ன மாற்றினார்கள்?

எல்லாவற்றுக்கும் காரணம் சொன்னார்கள்.

புதுப் படத்தில் டாக்டர் மாரோ, தூக்கமின்மை ஆராய்ச்சி என்று பொய் சொல்லி ஆட்களைக் கூட்டி வருகிறார். உண்மையில் பயத்தைப் பற்றிய சோதனை. கிரைன் இங்கே துணி ஆலை முதலாளி. வேலைக்கு வைத்திருந்த குழந்தைகளைக் கொன்று, ஆவிகளை வீட்டிலேயே அடைத்துவைத்திருக்கும் கொடூரன். நெல், அதாவது எலினார், கிரைனின் இரண்டாவது மனைவியின் வம்சம். குழந்தைகளை விடுவிக்க வேண்டியது அவள் பொறுப்பு. கடைசியில் புகையும் உருவமுமாகக் கிரைன் எழுந்து நிற்க, நெல் எதிர்த்து நின்று வசனம் பேச, பெரிய வெண்கலக் கதவு அவனை உள்ளே இழுத்துக்கொள்ள, குழந்தைகளின் ஆவிகளோடு அவளும் மேலே போகிறாள்.

படிக்கும்போதே தெரிகிறது அல்லவா? யாருக்கும் வேண்டாத ஒரு பெண் தனக்கென்று ஓர் இடம் தேடி வந்த கதை, குடும்பக் கடமை முடிக்க வந்த கதாநாயகியின் கதையாகிவிட்டது. பழைய எலினாரை வீட்டை விட்டு அனுப்பப் பார்க்கிறார்கள். அவள் போக மாட்டாள். காரை எடுக்கிறாள், கிரைனின் முதல் மனைவி இறந்த அதே மரத்தில் மோதிச் சாகிறாள். வீடு இழுத்ததா, அவளே போய் மோதினாளா? இன்றுவரை ஆளுக்கொன்று சொல்கிறார்கள். புது நெல்லின் சாவைப் பற்றி யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அம்மாவின் தட்டும் சத்தம் ரீமேக்கிலும் இருக்கிறது. நல்ல விதை கையில் இருந்தது. முளைக்க விடாமல் மேலே சிமெண்ட் பூசிவிட்டார்கள்.

இரண்டிலும் இருக்கும் ஒரே விஷயத்தை வைத்து ஒப்பிட்டுச் சொல்ல முடியுமா?

சுவரில் தெரியும் முகம். பழைய படத்தில் அது இலையா முகமா என்று மேலே சொன்னேன். புதுப் படத்தில் மரத்தில் செதுக்கிய குழந்தை முகங்கள் நிஜமாகவே திரும்பிப் பார்க்கின்றன. படுக்கை விரிப்புக்குள் ஒரு குழந்தை முகம் எழுந்து வருகிறது, திரைச்சீலையில் வருகிறது. முதல் தடவை பார்க்கும்போது, அட என்று இருக்கும். மூன்றாம் தடவை, எந்தக் கம்பெனி கிராஃபிக்ஸ் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவோம்.

சுவரெழுத்தும் அப்படித்தான். பழையதில் சாக்பீஸில் கிறுக்கியதுபோல், எலினாரை வீட்டுக்கு வர உதவுங்கள் என்று எழுதியிருக்கும். யார் எழுதியது? பேயா, விளையாட்டுக்கு லூக்கா, ஒருவேளை எலினாரே தானா? ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொள்கிறார்கள். வரிக்கும் இரண்டு அர்த்தம்: அவளைத் திருப்பி அனுப்பு என்றும் எடுத்துக்கொள்ளலாம், இங்கேயே வைத்துக்கொள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். புதியதில் கிரைனின் ராட்சத ஓவியத்தின் மேல் சிவப்பில், வீட்டுக்கு நல்வரவு எலினார் என்று. ரிசப்ஷன் ஹால் போர்டு.

கிராஃபிக்ஸ் வந்த பிறகு காட்டினால் என்ன தப்பு? காட்டாமல் ஏமாற்றுவதும் ஒரு தப்பித்தல்தானே?

இது நியாயமான கேள்வி. ஸ்டீபன் கிங்கே கேட்டிருக்கிறார். திகில் கதைகளைப் பற்றி 1981-இல் எழுதிய புத்தகத்தில், கதவை உப்பவிட்டுத் திறக்காமலே விடுவது ஜெயிக்க ஆடாமல் டிராவுக்கு ஆடுவதுபோல் என்று வைஸ் படத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். ஒரு கட்டத்தில் கதவைத் திறந்து காட்டத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி.

1999-இல் திறந்து காட்டினார்கள். உள்ளே இருந்தது புகையில் செய்த ஒரு தாத்தா. கிங் சொன்னது எல்லாக் கதைக்கும் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய சொந்தக் கதைகளில் கதவைத் திறந்தே ஜெயித்திருக்கிறார். ஆனால் இந்தக் கதையில் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது எலினாரின் மனசு. அதற்கு எந்த ஸ்டூடியோவும் உருவம் கொடுக்க முடியாது.

காலமும் சேர்ந்து கழுத்தறுத்தது. அதே 1999 ஜூலையில் 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' வந்தது. காட்டுக்குள் மூன்று பேர், கையில் கேமரா, பேயைக் கண்ணில் காட்டவே மாட்டார்கள். உலகம் முழுக்க 24 கோடி டாலருக்கு மேல் வசூல். ஆகஸ்டில் 'தி சிக்ஸ்த் சென்ஸ்'. மாஹேயில் பிறந்த, தாய்வழியில் தமிழரான எம். நைட் ஷியாமளன் இயக்கியது. அதில் பேய்கள் வருகின்றன, தாராளமாகவே வருகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் அவற்றைப் பார்க்கும் சிறுவனின் தனிமையோடு கட்டிப்போட்டிருக்கிறது. காட்டலாமா கூடாதா என்பதில் ஒன்றுமில்லை. யாருடைய பயம் என்று தெரிந்து காட்ட வேண்டும்.

யான் டி போன்ட் நல்ல டைரக்டர்தானே?

'ஸ்பீட்' எடுத்தவர், 'ட்விஸ்டர்' எடுத்தவர். அதற்கு முன் 'டை ஹார்ட்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். ஓடும் பஸ்ஸையும் சுழல்காற்றையும் அவரிடம் கொடுங்கள், பின்னியெடுப்பார். அசையாமல் நிற்கும் வீட்டைக் கொடுத்துவிட்டார்கள். அதையும் ஓடவைக்கப் பார்த்தார்.

நடிப்பாவது தேறுமா?

லிலி டெய்லர் மட்டும் வேறு ஏதோ நல்ல படத்தில் நடிக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார், பாவம். நீசன் தூங்கி எழுந்தவர் மாதிரி வந்து போகிறார். ஓவன் வில்சனின் தலையைக் கணப்பின் சிங்க முகம் வந்து துண்டிக்கும்போது தியேட்டரில் சிரிப்புத்தான் வரும். பழைய படத்தில் ஜூலி ஹாரிஸ் எலினாராக நடித்தார். அந்த முகத்தில் ஓடும் ஆசையையும் அவமானத்தையும் பார்த்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். தியோவாக வந்த கிளேர் புளூம் பேசாமல் புருவத்தைத் தூக்கினாலே போதும்.

படம் நஷ்டமா?

இல்லை. முதல் வாரக் கடைசியில் அமெரிக்காவில் முதலிடம். அங்கே மொத்தம் சுமார் 9 கோடி டாலர், உலகம் முழுக்க அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே வேகத்தில், மோசமான படங்களுக்குக் கொடுக்கும் ராஸி விருதுக்கு ஐந்து பிரிவுகளில் பரிந்துரையும் வந்தது. 2001-இல் வந்த 'ஸ்கேரி மூவி 2' இதைப் பிடித்துக்கொண்டு கிண்டலடித்தது.

பாராட்ட ஒன்றுமே இல்லையா?

செட். யூஜெனியோ ஸானெட்டி என்ற அர்ஜென்டினாக் கலை இயக்குநர் போட்டது. கலிபோர்னியா லாங் பீச்சில், ஹோவர்ட் ஹியூஸின் ராட்சத மர விமானம் ஒரு காலத்தில் நின்றிருந்த குவிமாடக் கூடத்துக்குள் கட்டினார்கள். வெளித்தோற்றத்துக்கு இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் இருக்கும் ஹார்லாக்ஸ்டன் மாளிகை. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இந்த அழகுக்காகவே படத்துக்கு நான்கில் மூன்று நட்சத்திரம் கொடுத்தார். எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. அந்த வீடு எடுத்த எடுப்பிலேயே மிரட்டும்படி இருக்கிறது. சிங்கம், கழுகு, சிலை, கண்ணாடி அறை. அதற்குள் நுழைந்த உடனே ஓடாமல் தங்குகிறவர்கள்மேல் எனக்குப் பரிதாபம் வரவில்லை.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். புதிதாக ஹோம் தியேட்டர் வாங்கிய நண்பன் ஒருவன் ஸ்பீக்கரைக் காட்டுவதற்காகவே இதன் டிவிடியைப் போடுவான். சுவருக்குள் ஏதோ நகர்வது முதுகுக்குப் பின்னால் கேட்கும். படம் போட்டு ஐந்து நிமிடம்தான், பிறகு வேறு டிவிடி.

ஸ்பீல்பெர்க்கும் கிங்கும் சேர்ந்து எடுக்க இருந்ததாகச் சொல்கிறார்களே?

பேச்சு நடந்தது, ஒத்துவரவில்லை. கிங் தன் யோசனைகளை எடுத்துக்கொண்டு போய் 2002-இல் 'ரோஸ் ரெட்' என்ற தொலைக்காட்சித் தொடராக்கினார்.

நெட்ஃபிளிக்ஸ் தொடர் இதன் தொடர்ச்சியா?

2018-இல் மைக் ஃபிளனகன் எடுத்த பத்து எபிசோடு தொடர் நேராக நாவலிலிருந்து கிளம்புகிறது, ஆனால் கதை முழுக்கப் புதிது: சிறுவயதில் அந்த வீட்டில் வாழ்ந்த ஐந்து பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் அது விடவில்லை. பேய்களைக் காட்டுகிறார்கள். அதைவிட, காட்சிகளின் பின்னணியில் சத்தமில்லாமல் நிறுத்தியும் வைத்திருக்கிறார்கள். கதவோரம், பியானோவுக்கு அடியில். கவனிக்காமலே போய்விடலாம். கடைசி எபிசோடு எனக்குக் கொஞ்சம் இனிப்பு அதிகம். பழைய படத்தில் லூக்காக நடித்த ரஸ் டாம்ப்ளின் இதில் ஒரு மனநல மருத்துவராகத் தலைகாட்டுகிறார்.

நாவலையும் படிக்க வேண்டுமா?

கட்டாயம். பெரிய புத்தகமும் இல்லை. பேயைவிட எலினாரின் தலைக்குள் ஓடும் கற்பனைகள்தான் அதில் அதிகம். நாவல் ஒரு மனநோயாளியின் உள்ளோட்டமோ என்று கிடிங்குக்குச் சந்தேகம். ஜாக்சனிடமே போய்க் கேட்டார். நல்ல யோசனைதான், ஆனால் தான் எழுதியது நிஜப் பேய்க் கதை என்று பதில் வந்தது. படத்தின் தலைப்பையும் ஜாக்சனின் வாயிலிருந்தே வாங்கி வந்தார்.

எந்த வரிசையில் பார்ப்பது?

1963 படம் முதலில், விளக்கை அணைத்துவிட்டு, நல்ல ஹெட்போன் இருந்தால் அதோடு. போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். முதல் அரை மணி நேரம் பேச்சு அதிகம், கை போனைத் தேடும். ரீமேக்கை வேண்டுமானால் ஒரு மழைநாள் மதியம் பஜ்ஜியோடு பாருங்கள், குழந்தைகள் எழுந்து வந்தாலும் பெரிதாகப் பயப்பட மாட்டார்கள். பழைய படத்தை ராத்திரி தனியாகப் பார்ப்பதானால் ஒன்று மட்டும் செய்யுங்கள்: இன்னும் தூங்கலையா என்று கேட்டு யாரும் கதவைத் தட்ட வேண்டாம் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.